மூன்றாவது கம்பி

வீட்டை விட்டு வெளியூர் செல்வோர் பலர். வீட்டையே உடன்கொண்டு வெளியூர் செல்வோர் சிலர். நத்தை தன் கூட்டைச் சுமந்து செல்வதுபோல, உண்ணவும் உறங்கவும் வேண்டிய வசதிகளையெல்லாம் ஒரு மோட்டார் வண்டிக்குள் அமைத்துக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று தங்கி மகிழும் வழக்கம் இங்கிலாந்து நாட்டில் பெரிதும் உண்டு. அவ்வண்டியைக் கேம்பர் வேன் என்பர். முகாம் வண்டி என்று தமிழில் அதனை வழங்கலாம்.

இவ்வழக்கம் மோட்டார் வருமுன்பே தோன்றியது. வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராய் இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவர்க்குக் கதைகள் எழுதிப் பெயர் பெற்றவர். அவர் 1885-ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரில் ஒரு வண்டி செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை பயணம் செய்தார். அலைந்து திரிவோன் எனப் பொருள்படும் 'வாண்டரர்' என்ற பெயரை அதற்கு இட்டார். கடலிலே பழகியவர் ஆதலின், தம் வண்டியைத் தரைமேற் செல்லும் படகு என்றே அவர் குறிப்பிட்டார். 1907-ஆம் ஆண்டில் இத்தகைய வண்டியில் ஆர்வமுடையோர் ஒன்றுகூடிக் கழகம் ஒன்றும் அமைத்தனர்.

குதிரை வண்டிக்குப் புல்லும் தண்ணீரும் போதும். இக்கால முகாம் வண்டிக்கோ மின்சாரம் வேண்டும். விளக்கு எரியவும், உணவு கெடாமல் குளிர்ந்திருக்கவும் வண்டிக்குள் 12 வோல்ட் பாட்டரி ஒன்று உண்டு. ஆனால் இரண்டு மூன்று நாள் ஓரிடத்தில் தங்கினால் அது வடிந்துவிடும். ஆதலின், வண்டிகள் தங்கும் முகாம்களில் மின்கம்பங்கள் நடப்பெற்றுள்ளன. கம்பத்திலிருந்து நீண்ட வயர் ஒன்றை இழுத்து, வண்டியின் பக்கச் சுவரில் அமைந்த சிறு வாயிலில் செருகினால், 230 வோல்ட் மின்சாரம் வண்டிக்குள் பாயும். மின்சாரம் புகும் அவ்வாயில் உள்ளங்கை அளவினது. நீல நிற உறையும், மழை படாமல் காக்க ஒரு மூடியும் அதற்கு உண்டு. இத்துணைச் சிறிய பொருள் ஒரு முதியவர்க்கும் அவர் பேத்திக்கும் கற்பித்த பாடத்தை இங்குக் காண்போம்.

அம்முதியவர் இங்கிலாந்தின் வடபகுதியில் தபால்காரராய் நாற்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். அறுபத்தொன்பது வயது கடந்தும் நடையில் தளர்ச்சி இல்லை. நினைவிலும் தளர்ச்சி இல்லை என்பது அவருடைய எண்ணம். மனைவியை இழந்தபின், அவர் பழைய முகாம் வண்டி ஒன்றை வாங்கித் தனியே ஊர்சுற்றி வந்தார். அவருடைய மகளுக்கு அது கவலையாய் இருந்தது. "இந்த வயதில் தனியே வண்டி ஓட்டிச் செல்ல வேண்டுமா, அப்பா?" என்று அவள் அவ்வப்போது கேட்பாள். "எனக்கு என்ன குறை?" என்று அவர் சிரித்து மழுப்புவார்.

அவ்வாண்டு வசந்த காலத்தில் ஒரு நாள் காலை, முகாமை விட்டுப் புறப்பட்ட அவர், வயரைக் கழற்ற மறந்து வண்டியை ஓட்டிவிட்டார். வண்டி சில அடி நகர்ந்ததும் பின்னால் 'படீர்' என ஓர் ஒலி எழுந்தது. இறங்கிப் பார்த்தார். வயர் பிடுங்கப்பட்டுப் புல்மேல் கிடந்தது. வாயிலின் மூடி முறிந்திருந்தது. நீல உறையில் இரண்டு வெடிப்புகள் ஓடியிருந்தன. சுற்றுமுற்றும் பார்த்தார், கண்டவர் எவரும் இல்லை. வெடிப்பின்மேல் கறுப்பு நாடாவை ஒட்டினார். மூடி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கட்டினார். அடுத்த முகாமில் வயரைச் செருகியபோது விளக்கு எரிந்தது. வெந்நீர்க் கெண்டியும் கொதித்தது. "கெடுதல் ஒன்றும் இல்லை" என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். மகளிடம் இதனைச் சொல்லவில்லை. சொன்னால், தந்தைக்கு மறதி வந்துவிட்டது என்று அவள் எண்ணுவாள் அன்றோ? அவ்வச்சமே அவர் வாயை மூடியது.

ஆகஸ்டு மாதத்தில் பள்ளி விடுமுறை வந்தது. பன்னிரண்டு வயதுப் பேத்தியை அழைத்துக்கொண்டு அவர் விட்பி என்னும் கடற்கரை ஊருக்குச் சென்றார். யார்க்‌ஷயர் நாட்டில் எஸ்க் ஆறு வடகடலோடு கலக்கும் இடத்தில் உள்ளது அவ்வூர். பழைய மடத்தின் இடிந்த சுவர்கள் குன்றின்மேல் வானளாவ நிற்கும். அங்கே ஏறிச் செல்ல 199 படிகள் உள்ளன. உலகைச் சுற்றிய மாலுமி ஜேம்ஸ் குக் இளமையில் தொழில் பயின்றது இவ்வூரில்தான். அவர் செலுத்திய 'எண்டவர்' கப்பல் கட்டப் பெற்றதும் இங்கேதான். ஊருக்கு வெளியே, கடலை நோக்கிய மேட்டு நிலத்து முகாமில் வண்டி நின்றது.

முதல் நாள் மாலை இருவரும் துறைமுகத்தில் உலவினர். கரையில் கட்டிய படகு ஒன்றிற்குக் கரையிலிருந்து வயர் ஒன்று செல்வதைச் சிறுமி கண்டாள்.

"தாத்தா, நம் வண்டிக்கு வருவதுபோலவே அந்தப் படகுக்கும் வயர் வருகிறதே!" என்றாள்.

"ஆம், குழந்தாய்! நம் வண்டிக்கு வருவதையும் கரை மின்சாரம் என்று சிலர் சொல்வதுண்டு. அப்பெயர் கப்பலிலிருந்து வந்தது. கப்பல் கடலிற் செல்லும்போது தன் பொறியாலேயே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும். கரையில் நிற்கும்போது பொறியை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் பெறும். நிலத்தில் நிற்கும் நம் வண்டியும் ஒரு கப்பல்போலத்தான்" என்றார் அவர்.

"அப்படியானால், தரையில் நின்றாலும் நம் வண்டி தரையைத் தொடவில்லையா?" என்று சிறுமி கேட்டாள்.

முதியவர் நகைத்தார். "சக்கரங்கள் ரப்பரால் ஆனவை. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகையால் மின்சாரத்தின் கணக்கில் நம் வண்டி தரையைத் தொடவே இல்லை" என்றார். தாம் சொன்ன சொல்லின் முழுப் பொருளை அவர் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

அன்றிரவு தொடங்கிய மழை இரண்டு நாள் ஓயவில்லை. கடற்காற்று மழைத்துளியை வண்டியின் பக்கச் சுவரில் வாரி அடித்தது. மூன்றாம் நாள் காலையில் வானம் வெளுத்தது. சிறுமி வெறுங்காலோடு ஈரப்புல்லில் இறங்கி ஓடினாள். கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, வண்டிக் கதவின் உலோகப் பிடியைத் தொட்டாள்; உடனே கையை இழுத்துக்கொண்டாள்.

"தாத்தா! பிடியைத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது."

முதியவர் இறங்கி வந்து பிடியைத் தொட்டார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. "குளிரினால் கை விறைத்திருக்கும்" என்றார்.

"இல்லை, தாத்தா. குளிர் இப்படி இராது" என்றாள் அவள்.

அவர் வண்டிக்குள் சென்றார். அங்கே சுவரில் ஆர்.சி.டி. எனப்படும் காவற்பொறி ஒன்று இருந்தது. வண்டிக்குள் செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் ஓயாமல் ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் தொழில். சென்றதற்கும் வந்ததற்கும் 30 மில்லியாம்பியர் வேறுபாடு காணின், மின்சாரம் எங்கோ வழிமாறிக் கசிகிறது என்று உணர்ந்து, கண்ணிமைப் பொழுதில் அது இணைப்பைத் துண்டித்துவிடும். அப்பொறியைச் சோதிக்க அதிலேயே ஒரு பொத்தான் உண்டு. முதியவர் அதனை அழுத்தினார். 'டக்' என்ற ஒலியோடு பொறி மின்சாரத்தை நிறுத்தியது.

"பார்த்தாயா? காவற்காரன் விழித்திருக்கிறான். கெடுதல் இருந்தால் அவனே நிறுத்தியிருப்பான். விளக்கும் எரிகிறது, கெண்டியும் கொதிக்கிறது. அஞ்சாதே" என்று சொல்லி, அவர் மீண்டும் மின்சாரத்தை வரச் செய்தார்.

சிறுமி வாயிற்படிக்கு வெளியே புல்லின்மேல் நின்றபடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "தாத்தா, நீங்கள் ரப்பர்ப் பூட்ஸ் போட்டிருக்கிறீர்கள். நான் வெறுங்காலோடு நிற்கிறேன்."

அச்சொல் முதியவர் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்று இரண்டு நாட்களுக்கு முன் சொன்னவர் அவரே அல்லரோ? ரப்பர்ச் சக்கரத்தின்மேல் நிற்கும் வண்டியின் உடலில் மின்சாரம் ஏறினால், அது தரைக்கு இறங்க வழி இல்லை. ரப்பர்ப் பூட்ஸ் அணிந்தவர் தொட்டால் அவர் வழியாகவும் அது இறங்காது. வெறுங்காலோடு ஈரப்புல்லில் நிற்கும் குழந்தை தொட்டால் அவள் உடலே அதற்கு வழியாகும்!

"தொடாதே! வண்டியை விட்டு விலகி நில்!" என்று கூவினார். பிடியைத் தீண்டாமல் வண்டியிலிருந்து குதித்து இறங்கினார், மின்கம்பத்தை நோக்கி விரைந்தார், செருகியைப் பிடுங்கினார். அதன் பின்னரே அவருக்கு மூச்சு வந்தது. வண்டியின் பக்கம் வந்து பார்த்தபோது, பிளாஸ்டிக் உறை காற்றில் கிழிந்து தொங்கியது. கறுப்பு நாடா நனைந்து சுருண்டிருந்தது.

"இஃது எப்படி உடைந்தது, தாத்தா?" என்று சிறுமி கேட்டாள்.

மறுமொழி கூற எளிய வழிகள் பல இருந்தன. 'வண்டி பழையது' என்று கூறலாம். 'காற்றில் முறிந்தது' என்றும் கூறலாம். முதியவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நான்தான் உடைத்தேன். வசந்த காலத்தில் வயரைக் கழற்ற மறந்து வண்டியை ஓட்டிவிட்டேன். உன் அம்மாவுக்கு அது தெரியக்கூடாது என்று மறைத்தேன்" என்றார். சிறுமி ஒன்றும் சொல்லாமல் அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

முகாம் அலுவலகத்தினர் சொல்லியனுப்ப, முற்பகலில் மின்பணியாளரான அம்மையார் ஒருவர் வந்தார். வயர் கழற்றப்பட்டிருப்பதை முதலில் தம் கண்ணாலேயே பார்த்தார். பாட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் எதுவும் வண்டியில் உண்டா என வினவினார். இல்லை என்று அறிந்த பின்னும், அளவு கருவியை வைத்து, எங்கும் மின்சாரம் இல்லை என்று தெளிந்தே திருப்புளியைக் கையில் எடுத்தார். பிறர் சொல்லை நம்பாமை அன்று, உயிரோடு விளையாடாமை.

நான்கு திருகாணிகளைக் கழற்றி வாயிலை மெல்ல வெளியே இழுத்தார். உள்ளே நீர் தேங்கியிருந்தது. பழுப்பு, நீலம், பச்சையும் மஞ்சளும் கலந்தது ஆகிய மூன்று கம்பிகள் அதில் இருந்தன. பழுப்பும் நீலமும் தத்தம் இடத்தில் இருந்தன. பச்சை மஞ்சள் கம்பியோ தன் இடத்திலிருந்து நழுவித் தனியே தொங்கியது. வசந்த காலத்தில் வயர் பிடுங்கப்பட்டபோது அது பாதி கழன்றிருக்கிறது. உப்புக் காற்றும் மழையும் எஞ்சிய பாதியைத் தின்றுவிட்டன. அதன் செம்பிழைகள் களிம்பேறிப் பச்சையாய் உதிர்ந்தன.

அம்மையார் சிறுமியை அருகே அழைத்துப் பொறுமையோடு விளக்கினார்.

"குழந்தாய், பழுப்புக் கம்பி மின்சாரத்தைக் கொண்டுவருகிறது. நீலக் கம்பி அதனைத் திரும்பக் கொண்டுசெல்கிறது. இவ்விரண்டும் இருந்தால் விளக்கு எரியும், நீர் கொதிக்கும். மூன்றாவது கம்பி நாள்தோறும் செய்யும் வேலை ஒன்றும் இல்லை. அது வண்டியின் உலோக உடலைத் தரையோடு இணைத்து வைத்திருக்கிறது, அவ்வளவே. பழுப்புக் கம்பியிலிருந்து மின்சாரம் கசிந்து உடலில் ஏறினால், இக்கம்பி அதனை மண்ணுக்கு இறக்கிவிடும். கசிவு பெருகினால் காவற்பொறி உடனே நிறுத்தும். எவரும் தொடுவதற்கு முன்பே ஆபத்து நீங்கும்."

"இக்கம்பி அறுந்தால்?"

"அறுந்ததே தெரியாது. விளக்கு முன்போலவே எரியும். கசிந்த மின்சாரம் வண்டியின் உடலில் ஏறி, வழி கிடைக்காமல் காத்துக்கொண்டிருக்கும். நீ தொட்டாய், உன் வழியாக இறங்கியது. ஏறத்தாழ 1 மில்லியாம்பியர் சென்றாலே விரலில் ஊர்வது தெரியும். 30-க்கு மிகவும் குறைவாகையால் காவற்பொறி அசையவில்லை. ஈரம் இன்னும் மிகுந்திருந்தால் கசிவும் மிகுந்திருக்கும். அப்போது பொறி நிறுத்தும் என்பது மெய்யே. ஆனால் அடி உன்மேல் விழத் தொடங்கிய பிறகே நிறுத்தும்."

முதியவர் தழுதழுத்த குரலில், "சோதனைப் பொத்தானை அழுத்தினேனே! பொறி சரியாகத்தானே வேலை செய்தது?" என்றார்.

"ஐயா, அப்பொத்தான் பொறியை மட்டுமே சோதிக்கும். மூன்றாவது கம்பி இருக்கிறதா, இல்லையா என்பது அதற்குத் தெரியாது. காவற்காரன் விழித்திருக்கிறானா என்று பார்த்தீர்கள், கோட்டைச் சுவர் நிற்கிறதா என்று பார்க்கவில்லை" என்றார் அம்மையார்.

பழைய வாயிலின் அளவை எடுத்துக்கொண்டு மூவரும் ஊருக்குள் சென்று, அதே அளவில் புதிய வாயில் ஒன்று வாங்கி வந்தனர். 16 ஆம்பியர் தாங்கும் நீல நிற வாயில் அது. அதன் உள்ளே உருண்டையான மூன்று முட்கள் இருந்தன. ஒன்று மற்ற இரண்டினும் பருத்திருந்தது.

"பருத்த முள் தரை இணைப்புக்கு உரியது. செருகும்போது முதலில் தொடுவதும், கழற்றும்போது கடைசியில் விடுவதும் அதுவே. காவல் வந்த பின்னர்த்தான் மின்சாரம் வரவேண்டும், மின்சாரம் போன பின்னர்த்தான் காவல் நீங்கவேண்டும்" என்றார் அம்மையார்.

சிறுமிக்கு ஓர் ஐயம் எழுந்தது. "வீட்டுச் சுவரில் துளைகள் உள்ளன, கருவியின் வயரில் முட்கள் உள்ளன. இங்கே வண்டிச் சுவரில் முட்கள் இருக்கின்றனவே! ஏன்?"

"நல்ல கேள்வி. மின்சாரம் எப்பக்கத்திலிருந்து வருகிறதோ அப்பக்கத்தில் துளைகளே இருக்க வேண்டும். துளைக்குள் விரல் எளிதில் நுழையாது. வீட்டில் மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது. இங்கே அது வயரிலிருந்து வண்டிக்கு வருகிறது. ஆகவே வயரின் நுனியில் துளைகள், வண்டியில் முட்கள். வயர் நீங்கினால் இம்முட்கள் உயிரற்றவை. இணைக்கும்போது முதலில் வண்டியிலும் பிறகு கம்பத்திலும் செருகு. கழற்றும்போது முதலில் கம்பத்திலும் பிறகு வண்டியிலும் கழற்று. அப்படிச் செய்தால் மின்சாரம் உள்ள நுனி உன் கையில் ஒருபோதும் இராது."

வேலை தொடங்கியது. சுவரில் ஒட்டியிருந்த பழைய பசையை முதியவர் சுரண்டித் துடைத்தார். தகட்டின் வெட்டு விளிம்பில் துரு படிந்திருந்தது. அதனைத் தேய்த்துத் துருத் தடுப்பு வண்ணம் பூசினார். அம்மையார் மூன்று கம்பிகளையும் களிம்பு நீங்கிச் செம்பு பளபளக்கும் இடம்வரை வெட்டினார். உள்ளே சிறிது நீளம் மிகுதியாய் விடப்பட்டிருந்தமையால் கம்பி போதியதாய் இருந்தது. பல மெல்லிய இழைகள் சேர்ந்த கம்பியாதலின், இழைகள் பிரியாதபடி ஒவ்வொரு நுனிக்கும் சிறு உலோகக் குழல் ஒன்றைச் செருகி நசுக்கி இறுக்கினார். பின்பு ஒவ்வொன்றையும் அதனதற்குரிய குறியிட்ட இடத்தில் வைத்துத் திருகினார்.

திருகியபின் ஒவ்வொரு கம்பியையும் விரலால் இழுத்துப் பார்த்தார். "இறுகியதுபோல் தோன்றுவது வேறு; இறுகியிருப்பது வேறு. தளர்ந்த இணைப்பு மின்சாரத்தைத் தடுக்கும்; தடுத்த இடத்தில் சூடு பிறக்கும். அரை ஓம் தடை இருந்து 10 ஆம்பியர் சென்றால், அச்சிறு புள்ளியில் 50 வாட் சூடு எழும். இவ்வுறையை உருக்க அது போதும்" என்றார். முதியவர் பழைய வாயிலைத் திருப்பிப் பார்த்தார். பழுப்புக் கம்பி இருந்த இடத்தில் உறை கருகித்தான் இருந்தது.

வயரை இறுகப் பற்றும் பிடிப்பு, அதற்குரிய இடத்தில் பொருத்தப்பெற்றது. ரப்பர் வளையம் வைத்து வாயில் சுவரில் அமர்ந்தது. மேலும் இருபக்கமும் நீர் புகாமல் பசை பூசினர்; கீழ்ப்பக்கத்தில் பூசாது விட்டனர். ஒருகால் உள்ளே நீர் புகுந்தாலும் அது வெளியேற வழி வேண்டும் அன்றோ? 25 மீட்டர் நீளமுள்ள வயரையும் அம்மையார் முழுதும் விரித்து, கையால் நீவிப் பார்த்தார். அதன் நுனியில் தளர்ந்திருந்த பிடிப்பை இறுக்கினார். "சுருட்டி வைத்தபடியே பயன்படுத்தாதீர்கள். சுருளுக்குள் சூடு அடங்கி வயர் உருகும்" என்று எச்சரித்தார்.

எல்லாம் முடிந்தது என முதியவர் எண்ணினார், அம்மையார் எண்ணவில்லை. பச்சை மஞ்சள் கம்பி முள்ளிலிருந்து வண்டியின் உடல்வரை அறாமல் செல்கிறதா என்று அளந்தார். பழுப்பும் நீலமும் உடலோடு எங்கும் தொடர்பின்றி விலகி நிற்கின்றனவா என்று அளந்தார். மின்சாரத்தை வரவிட்டபின், காவற்பொறி எத்துணை விரைவில் நிறுத்துகிறது என்பதையும் கருவியால் அளந்தார்.

"இப்போது ஆபத்து இல்லையா?" என்று சிறுமி கேட்டாள்.

"இல்லை. இதை நான் சொல்லவில்லை, அளவு சொல்கிறது" என்றார் அவர். முதியவரை நோக்கி, "ஐயா, வாயிலை மாற்றுவது சில மணி நேர வேலை. அது வேண்டும் என்று சொல்லத்தான் உங்களுக்குச் சில மாதங்கள் ஆயின" என்று புன்முறுவலோடு கூறி விடைபெற்றார்.

அன்று மாலை கடல் அமைதியாய் இருந்தது. முதியவர் தொலைபேசியை எடுத்தார், வைத்தார், மீண்டும் எடுத்தார். புதிய வாயில் பொருத்தியாயிற்று. பழைய கதையை இனிச் சொல்ல வேண்டுவது என்ன? குழந்தையிடமும் 'அம்மாவிடம் சொல்லாதே' என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் சொல்லமாட்டாள். அந்நினைவு எழுந்தபோதே அவருக்கு நாணம் உண்டாயிற்று. மகளை அழைத்தார். வயரைக் கழற்ற மறந்தது, மறைத்தது, குழந்தை பிடியைத் தொட்டது, தாம் அவள் சொல்லைத் தள்ளியது ஆகிய யாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னார்.

மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பின்பு மகளின் குரல் கேட்டது. "அப்பா, வாயில் உடைந்தது முன்பே தெரிந்திருந்தால் நான் அவளை அனுப்பியிருக்கமாட்டேன். நீங்கள் இதைச் சொல்லாதிருந்து பிறகு எனக்குத் தெரிய வந்திருந்தால், இனி ஒருநாளும் அனுப்பமாட்டேன். நீங்களே சொன்னீர்கள். சனிக்கிழமை வரை அவள் உங்களோடு இருக்கட்டும்."

மறதி மனிதர்க்கு இயல்பு. அதனை வெல்ல அவர்கள் ஒரு வழியும் கண்டனர். சிறுமி ஓர் அட்டையில் 'வயரைக் கழற்றியாயிற்றா?' என்று பெரிய எழுத்தில் எழுதி, நூல் கோத்தாள். வயரைச் செருகும்போதெல்லாம் அவ்வட்டையை வண்டியின் திருப்புச் சக்கரத்தில் மாட்டிவிட வேண்டும். வயரைக் கழற்றி உள்ளே வைத்த பிறகே அட்டையை எடுக்க வேண்டும். தம் நினைவில் தளர்ச்சி இல்லை என்று பெருமை பேசிய முதியவர், அவ்வட்டையை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மின்சாரம் ஏவிய பணியைச் செய்யும் நல்ல ஏவலாள். ஆயினும் அதன் தொழிலைக் கற்றுத் தேர்ந்தோரே அதன் உறுப்புகளைத் திறத்தல் வேண்டும். ஏனையோர் செய்யத்தக்கன மூன்று உண்டு: உடைந்ததை ஒட்டி மறையாமை, உலோகத்தைத் தொட்டபோது ஏற்படும் சிறு கூச்சத்தையும் புறக்கணியாமை, அறிந்தவரிடம் உடனே உரைத்தல். சிறியவர் சொல் என்று அச்சிறுமியின் சொல்லைத் தள்ளிய பொழுது சில நிமிடமே. அந்நிமிடங்களை நினைக்கும்போதெல்லாம் முதியவர் உள்ளம் நடுங்கியது.

விளக்கை எரிப்பது பழுப்புக் கம்பியும் நீலக் கம்பியும் என்பதை யாவரும் அறிவர். மூன்றாவது கம்பி ஒன்று இருப்பதை நினைப்பவர் சிலரே. அது வெளிச்சம் தருவதில்லை, வெப்பம் தருவதில்லை, அறுந்தாலும் அறுந்தேன் என்று சொல்வதில்லை. ஒரு குடும்பத்தில் உண்மை பேசும் பழக்கமும் அத்தகையதே. அஃது இல்லாமலும் அன்றாட வாழ்க்கை நடப்பதுபோலவே தோன்றும். இடர் வரும் நாளிலேதான் அதன் அருமை தெரியும். அம்முதியவர் பழைய வாயிலை எறிந்துவிடவில்லை. களிம்பேறிய கம்பித் துண்டை அதனோடு சேர்த்துக் கட்டி, வண்டிக்குள் கண்ணிற் படும் இடத்தில் மாட்டி வைத்தார்.